ஈசலுக்கு யார் பங்காளி? பூச்சிப் புதைபடிவம் படிக்கப் பழகுவோம்

செட்டிநாட்டில் இரண்டு நகரத்தார் பங்காளிகளா என்று தெரிய வேண்டுமானால் முகச்சாடை பார்ப்பதில்லை, எந்தக் கோயில் என்றுதான் கேட்போம். பூச்சிகளின் உறவைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். சாடை ஏமாற்றும்.

மழை பெய்த மறுநாள் காலை முகப்பு விளக்கடியில் ஈசல் கொட்டிக் கிடக்கும். கூட்டித் தள்ளுமுன் ஐந்தாறு பொறுக்கி வையுங்கள். செத்த கரப்பான், இறக்கை உள்ள எறும்பு, மண்கூடு கட்டும் குளவி தலா ஒன்று வேண்டும். பத்து மடங்கு காட்டும் லென்ஸ், வெள்ளைத் தாள், பென்சில். அவ்வளவுதான்.

படி 1: உற்றுப் பாருங்கள்

ஈசலின் உணர்கொம்பு மணி கோத்தது போல நேராக இருக்கும். நான்கு இறக்கையும் ஒரே அளவு. இடுப்பு ஒடுங்காது. எறும்பின் உணர்கொம்போ முழங்கை போல மடங்கியிருக்கும். முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது. இடுப்பு இறுகி அதில் ஒரு முடிச்சு. குளவிக்கும் அதே இறக்கைக் கணக்கு, அதே ஒடுங்கிய இடுப்பு. ஆக, எறும்புக்குச் சொந்தம் குளவி, ஈசல் அல்ல.

படி 2: எந்த ஒற்றுமை செல்லும்?

புதிதாகப் படிப்பவர்கள் சறுக்குவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள். ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான்தான். பழைய விறகைப் புரட்டினால் கறையான் குஞ்சுகள் தெரியும். (பாம்புப் புற்றில் கை வைக்க வேண்டாம்.) கூட்டுப்புழுப் பருவம் இல்லாமல், குஞ்சிலேயே பெரியதன் உருவம். கரப்பான் குஞ்சும் அப்படியே. உடனே உறவு என்று எழுதிவிடாதீர்கள். வெட்டுக்கிளியும் அப்படித்தான் வளர்கிறது. அது எல்லோருக்கும் வந்த பழைய சொத்து. சிலருக்கு மட்டும் புதிதாக வந்த அடையாளம்தான் கணக்கில் சேரும்.

அடுப்படி அலமாரிக்குப் பின்னால் கரப்பானின் பழுப்பு முட்டைப்பையைப் பார்த்திருப்பீர்கள். இப்படி மொத்தமாகக் கட்டி முட்டையிடுவது கரப்பானுக்கும் கும்பிடுபூச்சிக்கும் உள்ள வழக்கம். வட ஆஸ்திரேலியாவின் மாஸ்டோடெர்மிஸ் என்ற கறையானும் முட்டைகளை ஒட்டிக் கட்டாகத்தான் இடுகிறது! கறையான் கரப்பான் கூட்டத்துக்குள்ளேயே கிளைத்தது என்பதை 2007இல் வந்த மரபணு ஆய்வும் காட்டியது.

படி 3: பிசினைச் சோதியுங்கள்

நம் செம்புரான் கல்லில் பூச்சிப் படிவம் தேட வேண்டாம். மென்மையான பூச்சி முழுசாகத் தங்குவது மரப்பிசினில். வேப்பம்பிசின் ஒரு துண்டு, நாட்டு மருந்துக் கடைக் குங்கிலியம் ஒரு துண்டு, இரண்டையும் தண்ணீரில் போட்டு ஓர் இரவு விடுங்கள். வேப்பம்பிசின் ஊறிக் கரையும், குங்கிலியம் அப்படியே கிடக்கும். கரையாத வகைதான் மண்ணில் புதைந்து இறுகி ஆம்பர் ஆகிறது. குஜராத்தின் வஸ்தான் சுரங்கத்தில் கிடைக்கும் சுமார் 5 கோடி ஆண்டு பழைய ஆம்பர், குங்கிலிய மரத்தின் குடும்பத்து மரங்கள் கசியவிட்டதுதான்.

படி 4: படிவத்தைச் சேருங்கள்

1966இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கடற்கரையில் ஒரு தம்பதி ஆம்பர் துண்டு ஒன்றைக் கண்டெடுத்தார்கள். உள்ளே சுமார் 9 கோடி ஆண்டு பழைய எறும்பு. மறு வருடம் ஆய்வாளர்கள் அதற்கு ஸ்பெகோமிர்மா என்று பெயர் வைத்தார்கள், குளவியெறும்பு என்று பொருள். இணையத்தில் அதன் படத்தைப் பெரிதாக்கி, படி 1இல் பார்த்ததையே பாருங்கள். இடுப்பில் முடிச்சு இருக்கிறது, எறும்பு. தாடை குட்டையாக இரண்டே பல்லுடன், குளவி. உணர்கொம்புக்கு முழங்கை வடிவம் தரும் முதல் கணுவும் இன்றைய எறும்புக்கு உள்ள அளவு நீளவில்லை.

இப்போது தாளில் ஒரு கோடு இழுங்கள். குளவி ஒரு முனை, இன்றைய எறும்பு மறு முனை. இடுப்பு முடிச்சை முதலில் குறியுங்கள், முழுதாக நீண்ட முழங்கையை அப்புறம். இந்த முன்பின் வரிசையை உயிரோடு இருக்கும் பூச்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. படிவம் தரும் பெரிய உதவி இதுதான்.

சரி, ஸ்பெகோமிர்மாவை எங்கே எழுதுவது? கோட்டின் மேலே வேண்டாம். இரண்டு குறிகளுக்கும் நடுவிலிருந்து பக்கவாட்டில் ஒரு சின்னக் கிளை இழுத்து அதன் நுனியில் எழுதுங்கள். இன்றைய எறும்புக்கு அது நேர்ப்பாட்டன் என்பதற்குச் சான்று இல்லை, பாட்டனின் பங்காளி என்று சொன்னால் போதும்.