கை நடுங்கினால் மாத்திரையை நிறுத்தலாமா?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மனச்சோர்வுக்கான சீட்டை நாலாக மடித்து, கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் நீட்டுவார்கள். அடுத்த முறை வரும்போது, "கை நடுங்கியது, நானே நிறுத்திவிட்டேன்" என்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாத்திரை தொடங்கிய தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவற்றில் முதல் ஒன்றிரண்டு வாரம் தலைவலி, தலைசுற்றல், தூக்கக் கோளாறு, விரல் நடுக்கம் வரலாம். பெரும்பாலும் தானே தணியும். மனம் தெளிவதற்கோ இன்னும் சில வாரங்கள் ஆகும். தொல்லை முந்திக்கொண்டு வருவதால்தான் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

திருபுவனத்துப் பட்டு நெசவாளி ஒருவருக்கு, அறுந்த இழையை முடிச்சுப் போட முடியாத அளவுக்கு விரல் ஆடியது. கோடு போடாத தாளில், கையை மேசையில் ஊன்றாமல், முறுக்குச் சுற்றுவதுபோல் உள்ளிருந்து வெளியே ஒரு சுருள் வரையச் சொன்னேன். ஞாயிறுதோறும், காலைக் காபிக்கு முன்பு. காபியும் நடுக்கத்தைக் கூட்டும். நம் ஊர் டிகிரி காபியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தேதியிட்ட அந்தத் தாள்களை வரிசையாகப் பார்த்த மருத்துவர் அளவைக் குறைத்தார். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமாலும் கையை நடுங்க வைக்கும். அதனால் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

நடுக்கத்தைவிட எனக்குக் கவலை தருவது, உட்கார முடியாத தவிப்பு. கால் ஓரிடத்தில் நிற்காது. திண்ணைக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள். 'நோய் முற்றிவிட்டது' என்று வீட்டில் நினைப்பார்கள். மருந்தின் வேலையாகவும் இருக்கலாம்; அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைத் தொடக்க வாரங்களில் கூடுதலாகக் கவனியுங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

நடவு முடிந்து இடுப்பு வலி என்று டிரமடால் கேட்பவர்களிடமும், இருமல் மருந்து கேட்பவர்களிடமும் 'வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்காமல் கொடுக்க மாட்டேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. டிரமடாலும், சில இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பானும் இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற ரசாயனம் அளவுக்கு மீறலாம். வியர்வை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தசை துடித்து விறைப்பது, பேச்சில் குழப்பம் என்று திடீரெனத் தொடங்கும். சித்திரை வெயிலில் இதைச் சூடு என்று நினைத்து இளநீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

முதியவர்களுக்கு இன்னொன்று. ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கக்கூடும். தள்ளாட்டமும் குழப்பமும் வரும், மோசமானால் வலிப்பும் வரும். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் சோடியம் பரிசோதனை செய்யுங்கள். உப்பை அள்ளிப் போட்டு வீட்டிலேயே சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

திடீரென்று நிறுத்தினால் தலைக்குள் கரண்ட் அடித்ததுபோல் சுரீரென்று இழுக்கும், தலை சுற்றும், கெட்ட கனவு வரும். பராக்செடினும் வென்லாஃபாக்சினும் உடலை விட்டுச் சீக்கிரம் வெளியேறுவதால் அவற்றில் இது அதிகம். ஃப்ளூவாக்செடின் மெல்லக் குறைவதால் அதில் குறைவு. நிறுத்துவதென்றாலும் மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான். அறுவடை நாட்களில் டவுனுக்கு வர முடியாதவர்கள் ஒரு வாரத்து மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் மறுவேளை இரண்டாகப் போட வேண்டாம்.

அட்டையை வெட்டி வாங்குகிறவர்கள், மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உங்கள் துண்டில் இருக்கும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள். நள்ளிரவில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால், என்ன சாப்பிட்டார் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பெயரில்லாத வெள்ளை மாத்திரையைக் காட்டிப் பயனில்லை.