வண்டித் தொழில்ல இருக்கறவங்க எம்எல்ஏவுக்கு நிக்கறது எப்படி

ஏனுங்க, பஸ், ஒர்க்‌ஷாப், ஸ்பேர் பார்ட்ஸ்னு தொழில் பண்றவங்க சட்டசபைக்கு போறது நம்ம கொங்கு பக்கம் புதுசில்லீங்க, பொள்ளாச்சி மகாலிங்கம் ஐயா ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட் குடும்பம்தான், 1952-ல இருந்து மூணு தடவ ஜெயிச்சாரு.

மொதல்ல உங்க தொழிலப் பாருங்க. மாநில அரசுக்கு சாமான் சப்ளைக்கோ வேலைக்கோ உங்க பேர்ல காண்ட்ராக்ட் ஓடிட்டிருந்தா மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவுல வேட்புமனுவையே தள்ளிருவாங்க, நெறைய பேரு கவனிக்காம விடறது இதத்தான், அதனால எல்லா பேப்பரையும் வக்கீல்கிட்ட முன்னாடியே காட்டிருங்க.

வயசு 25 ஆகியிருக்கோணும், தமிழ்நாட்டுல எங்கயாச்சும் ஓட்டு இருக்கோணும், டெபாசிட் 10,000 ரூபா, எஸ்சி எஸ்டின்னா பாதி. சுயேச்சைன்னா தொகுதி ஓட்டர் 10 பேரு முன்மொழியோணும்.

வேட்புமனுவோட குடுக்கற பிரமாணப் பத்திரம், அதான் படிவம் 26, அதுல சொத்து, கடன், கேஸ் எதையும் ஒளிக்காதீங்க, ஊருக்கே தெரியற பத்திரம் அது.

செலவுக்கு தனி பேங்க் அக்கவுண்ட், உச்சவரம்பு 40 லட்சம், கம்பெனி பணத்தோட கலக்கவே கூடாது. சொந்த வண்டிதானேன்னு பிரச்சாரத்துக்கு எடுக்காதீங்க, அதுக்கும் பர்மிஷன் வேணும், வாடகை போட்டு உங்க கணக்குல சேத்துருவாங்க. ரிசல்ட் வந்து 30 நாளுக்குள்ள கணக்க ஒப்படைச்சுருங்க, தோத்தாலும் சரி.