பிஎஸ்6 டீசல் வண்டில டிபிஎஃப் அடைக்காம, மைலேஜ் குறையாம பாத்துக்கறது எப்படி

பிஎஸ்6ங்கற புகை கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டி எடுத்தவங்க நெறைய பேர் கேக்கறது ரெண்டுதான், மைலேஜ் ஏன் எறங்கிடுச்சு, மீட்டர்ல இந்த மஞ்ச லைட்டு எதுக்கு எரியுது. டவுனுக்குள்ளயே ஓடற வண்டின்னா பெரும்பாலும் ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான், இன்ஜின் நல்லா சூடேறதுக்குள்ள ஆஃப் பண்ணிடறாங்க.

2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த டீசல் கார், பிக்கப் எல்லாத்துலயும் சைலன்சர் லைன்ல டிபிஎஃப்னு ஒரு பில்டர் இருக்கும். புகைக்கரிய புடிச்சு வச்சுக்கும், ஓரளவு நெறைஞ்சதும் ஈசியூ, அதாவது இன்ஜின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர், டீசல கொஞ்சம் அதிகமா அடிச்சு பில்டர 600 டிகிரி கிட்ட சூடாக்கி அந்த கரிய எரிச்சிடும், இதத்தான் ரீஜெனரேஷன்னு சொல்றாங்க. வாட்டர் கேன் போடற வண்டிய யோசிச்சு பாருங்க, தெருவுக்கு நாலு வீட்ல நிறுத்தி நிறுத்தி போகும், எரிய ஆரம்பிக்கும்போதே ஆஃப், மறுபடி ஆரம்பிக்கும் மறுபடி ஆஃப், ஒவ்வொரு தடவையும் டீசல் வீணா போகுது கரி அப்படியே நிக்குது.

அதனால வாரத்துக்கு ஒரு தடவையாவது பைபாஸ்ல ஒரு இருபது முப்பது நிமிஷம் நிக்காம ஓட்டுங்க. சென்னைல இருக்கவங்க கோயம்பேட்டுல இருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் காலைல டிராபிக் இல்லாதப்ப போய்ட்டு வந்தா போதும். வேகம் முக்கியம் இல்ல, ஆர்பிஎம் 2000 பக்கத்துல சீரா நிக்கணும், டாப் கியர்ல திணற விடாதீங்க. ஐடில்ல ஆர்பிஎம் கொஞ்சம் தூக்கலா இருக்கு, ஃபேன் விடாம சுத்துது, சூட்டு வாடை வருதுன்னா உள்ள எரிஞ்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், வீடு வந்துட்டாலும் இன்னும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து நிறுத்துங்க. அந்த நேரத்துல வைக்கோல், காஞ்ச புல்லு மேல மட்டும் நிறுத்தவே கூடாது, தீ புடிக்கும்.

அடுத்தது ஆயில் ஸ்டிக். இத யாரும் பாக்கறதே இல்ல, எனக்கு இதுதான் ரொம்ப கவலை. பழைய வண்டில ஆயில் கொறையுதான்னு பாப்போம், இதுல ஏறுதான்னும் பாக்கணும். பாதில நின்ன ரீஜெனரேஷன்ல எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியா எறங்கி ஆயில்ல கலந்துடும். காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சமதளத்துல நிறுத்தி ஸ்டிக்க தொடச்சு விட்டு எடுத்து பாருங்க, மேல் கோட்ட தாண்டி இருக்கு, மோந்தா டீசல் வாடை அடிக்குதுன்னா கிலோமீட்டர் கணக்கு பாக்காம உடனே ஆயில் மாத்துங்க, நீர்த்துப்போன ஆயில்ல ஓட்டுனா பேரிங்கும் டர்போவும் போய்டும், அந்த செலவு முன்னாடி ஆயில் காசு ஒண்ணுமே இல்ல. போடற ஆயிலும் மேனுவல்ல சொன்ன கிரேடுதான், கார்னா பெரும்பாலும் சி3 மாதிரி சாம்பல் கம்மியா இருக்கற வகை. கரி எரிஞ்சிடும், ஆயில் சாம்பல் எரியாது, பில்டர்லயே தங்கிடும்.

பில்டர கழட்டி எறிஞ்சிடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுப்படி அது தப்பு, அந்த கரிய தெருவுல போற புள்ளைங்கதான் சுவாசிக்கணும்.

டிஇஎஃப்னு புகைய சுத்தம் பண்ற திரவம் தனியா ஊத்தற வண்டின்னா சீல் உடைக்காத கேனா வாங்குங்க. அதுல 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மிச்சம் தாது நீக்குன தண்ணி. வயலுக்கு போடற யூரியால வேப்பெண்ணெய் பூச்சு இருக்கு, அத கொழாத்தண்ணில கரைச்சு ஊத்துனா மொத்த சிஸ்டமும் போய்டும்.

மைலேஜ மீட்டர்ல பாத்து முடிவு பண்ணாதீங்க. டயர் சூடாகறதுக்கு முன்னாடி டிரைவர் டோர் பக்கம் ஸ்டிக்கர்ல போட்ட அளவுக்கு காத்து புடிச்சிட்டு, ஒரே பங்க்ல ஆட்டோ கட் ஆகற வரைக்கும் டேங்க் ஃபுல் பண்ணி, முன்னூறு நானூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு அங்கயே மறுபடி ஃபுல் பண்ணுங்க, ஓடுன தூரத்த ரெண்டாவது தடவ புடிச்ச லிட்டரால வகுத்தா வர்றதுதான் கணக்கு. இப்படி ரெண்டு மூணு டேங்க் பாத்தும் கம்மியாவே வந்தா ஏர் பில்டர், பிரேக் புடிச்சிட்டு இருக்கா, இன்ஜெக்டர்னு இந்த வரிசைல மெக்கானிக்க பாக்க சொல்லுங்க.