மேசை முதலில், அறை அப்புறம்: பிரெஞ்சுக் கிராமத்து விருந்தினர் வீட்டில் தங்கும் முன்

பிளக் அடாப்டர், மழைக்கோட்டு, கடைக்குள் நுழையும்போது சொல்ல வேண்டிய ‘போன்ழூர்’ ஆகியவற்றையெல்லாம் பயண வழிகாட்டிகள் போதும் போதும் என்கிற அளவுக்கு எழுதிவிட்டன. அவற்றில் தவறினால் கொஞ்சம் வெட்கப்பட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பணமும் ஒரு நல்ல சாப்பாடும் சேர்ந்து பறிபோகிற தவறுகள் வேறு. முதல் தடவை போகிற எல்லாரும் அதே வரிசையில் அவற்றைச் செய்கிறார்கள்.

உதாரணத்துக்குத் தென் பிரான்சின் ஓப்ராக் பீடபூமியை எடுத்துக்கொள்வோம். அவேரோன் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் லாகியோல் என்று எழுதி ‘லாயோல்’ என்று உச்சரிக்கிற சிற்றூர். ஊருக்கு வெளியே மலைமேல் சமையல் கலைஞர் மிஷேல் ப்ராஸ் தொடங்கி, இப்போது மகன் செபாஸ்தியன் நடத்தும் உணவகம். சுற்றிலும் மாட்டு மேய்ச்சல், கருங்கல் வீடுகள், அவற்றில் சில விருந்தினர் வீடுகள். ரயில் கிடையாது. அருகிலுள்ள பெரிய ஊரான ரோதேஸிலிருந்து காரில் ஒரு மணி நேரம்.

ஷாம்ப்ர தோத்தை ஓட்டல் என்று நினைப்பது

‘ஷாம்ப்ர தோத்’ என்பது ஒரு குடும்பம் தான் வாழும் வீட்டிலேயே வாடகைக்கு விடும் அறை. சட்டப்படி அதிகபட்சம் 5 அறைகள், 15 பேர். படுக்கை விரிப்பும் காலை உணவும் வாடகையிலேயே அடக்கம். உரிமையாளர் இதை ஊர் ‘மேரி’யில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பதிவு செய்திருக்க வேண்டும் (புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல).

வரவேற்பு மேசை கிடையாது, இரவுக் காவலாளி கிடையாது. மாலை 5 முதல் 7 மணிக்குள் வரச் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கிறது: அதற்கு முன் அறை தயாராகாது, அதற்குப் பின் அவர்கள் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். தாமதமானால் போன் செய்யுங்கள். அங்கே குறுஞ்செய்தியை எப்போது பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது.

இரவு உணவு தானாக வராது. ‘தாப்ள தோத்’ உண்டா என்று முன்பே கேட்டு, குறைந்தது முந்தின நாளாவது சொல்லி வைக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே சமையல், பெரும்பாலும் வீட்டாருடன் ஒரே மேசை. ‘ழீத்’ என்று போட்டிருந்தால் அது சமையலறையோடு கூடிய தனி வீடு. கோடையில் சனிக்கு சனி என்று வாரக் கணக்கில்தான் கிடைக்கும், விரிப்புக்குத் தனிக் காசு கேட்கலாம்.

அறையை முதலில் பிடிப்பது

இது இன்னும் எரிச்சலூட்டுகிற தவறு. தவிர்ப்பது இவ்வளவு சுலபமாக இருந்தும் யாரும் தவிர்ப்பதில்லை.

நடப்பது இப்படித்தான். முதலில் மலிவான விமானச் சீட்டு. பிறகு படத்தில் மனதைப் பறிக்கும் ஒரு கல்வீடு. வார நடுவில் வாடகை குறைவு என்பதால் ஞாயிறு முதல் புதன் வரை மூன்று இரவு, பணம் திரும்பாத பதிவு. எல்லாம் முடிந்த பிறகே உணவகத்தின் பக்கத்தைத் திறக்கிறார்கள். ஞாயிறு இரவு மூடல், திங்கள் மூடல், செவ்வாய் மூடல். இரவுக்கு 90 யூரோ என்றால் 270 யூரோ போயிற்று. அதோடு கார் வாடகையும். எந்தச் சாப்பாட்டுக்காக அத்தனை தூரம் போனார்களோ அதுதான் இல்லை.

இதில் துரதிர்ஷ்டம் ஒன்றுமில்லை. கிராமத்து உணவகம் பெரும்பாலும் வாரம் நான்கைந்து நாள்தான் நடக்கும். ஊழியர்களுக்கு வாரம் இரண்டு நாள் ஓய்வு. சிறிய சமையல்கட்டில் ஷிப்டு போட்டு ஓட்ட ஆள் இல்லை, ஆகவே கடையையே மூடுகிறார்கள். வாடிக்கையாளர்கள் வருவது வெள்ளி முதல் ஞாயிறு மதியம் வரை. அதனால் மூடும் நாள் வார ஆரம்பத்தில் விழுகிறது. அக்கம்பக்கத்து உணவகங்களுக்கும் அதே கணக்குதான். ‘இது இல்லையென்றால் பக்கத்தில் இன்னொன்று’ என்ற மாற்றுத் திட்டமும் சேர்ந்தே படுத்துவிடும். ஓப்ராக்கில் குளிர்காலம் வேறு இருக்கிறது: ப்ராஸ் உணவகம் குளிர்காலம் முழுக்கக் கதவைச் சாத்திவிடும்.

ஆகவே தலைகீழாகத் தொடங்குங்கள். உணவகத்தின் சொந்த இணையதளத்தில் வாராந்தர மூடலையும் ஆண்டு மூடலையும் பாருங்கள். ‘ஃபெர்மே’ (மூடல்) என்ற சொல் எங்கே இருக்கிறதோ அங்கே கண் போகட்டும். வரைபடச் செயலியில் உள்ள நேரத்தை நம்ப வேண்டாம், போன பருவத்து நேரம் அப்படியே கிடக்கும். ‘மிதி’ என்றால் மதியம், ‘ஸ்வார்’ என்றால் இரவு. ‘ஃபெர்மே லந்தி ஏ மார்தி மிதி’ என்ற வரி பலரைக் கவிழ்த்திருக்கிறது: பெரும்பாலும் திங்கள் முழுநாளும் செவ்வாய் மதியம் மட்டும் மூடல் என்று பொருள். இரண்டு நாளும் மதியம் மட்டும்தான் மூடல் என்றும் படிக்க இடமுண்டு. கேட்டுவிடுவது நல்லது.

உணவகத்தில் மேசைப் பதிவு உறுதியான பிறகு, அந்தத் தேதிக்கு முந்தின இரவையும் அன்றைய இரவையும் சேர்த்து அறை தேடுங்கள். மேசைப் பதிவின்போது உணவகத்தார் கார்டு எண் வாங்குவார்கள். கடைசி இரண்டு மூன்று நாளில் ரத்து செய்தால் தலைக்கு இவ்வளவு என்று பிடிப்பார்கள். விமானமும் காரும் அதற்கப்புறம். வந்து இறங்கிய அன்றைக்கே மேசை பதிவு செய்யாதீர்கள். உணவு ஒவ்வொரு தட்டாகத்தான் வரும்; தூக்கமில்லாத உடம்பு ஏழாவது தட்டு வருவதற்குள் தலை சாயும். ரயில் வேலைநிறுத்தம் வந்தால் தட்டே கிடையாது.

அறை கிடைக்காத நாட்களும் உண்டு. மே 1, மே 8, அசென்ஷன் வியாழன் ஆகிய விடுமுறைகளோடு வெள்ளியையும் சேர்த்து நாடே கிளம்பும். மே 25 ஒட்டிய வார இறுதியில் மாடுகளைப் பூச்சூட்டி மேட்டு மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும் விழா. நஸ்பினால், சென் ஷெலி தோப்ராக் ஊர்கள் ல புய் நகரிலிருந்து தொடங்கும் யாத்திரை நடைபாதையில் இருப்பதால் வசந்தத்திலும் கோடையிலும் அங்கே அறைகளை நடையர்கள் நிறைத்துவிடுவார்கள்.

நட்சத்திரப் பட்டியலை வைத்து மட்டும் ஊர் தேர்வது

உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷ்லின் கையேட்டில் ப்ராஸ் உணவகம் 1999-இல் மூன்று நட்சத்திரம் பெற்றது. 2017-இல் செபாஸ்தியன் தன்னை அந்தக் கையேட்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். 2018 பதிப்பில் பெயர் இல்லை, 2019-இல் இரண்டு நட்சத்திரத்தோடு மீண்டும் வந்தது. பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு அந்த ஓராண்டு லாயோலில் உணவகமே இல்லை.

‘அருகில்’ என்பதை நம்புவது

அங்கே அருகில் என்றால் 20 கிலோமீட்டர் இருக்கலாம். இருவழிக் கிராமச் சாலையில் 2018 ஜூலை முதல் பொது வேக வரம்பு மணிக்கு 80 கி.மீ.; சில மாவட்டங்கள் சில சாலைகளில் 90-க்குத் திரும்பியிருக்கின்றன, ஆகவே பலகையைப் பாருங்கள். மேட்டில் மூடுபனி இறங்கினால் 40-இல் போனாலே பெரிது. விளக்கில்லாத சாலை. இரவு 8 மணிக்கு உட்கார்ந்தால் எழ 11:30 ஆகும்.

இப்போது ஒயின் கணக்கு. ஒவ்வொரு தட்டுக்கும் ஏற்ற ஒயின் என்று ஆறு கிண்ணம், கிண்ணத்துக்கு 8 சென்டிலிட்டர் என்றால் 48 சென்டிலிட்டர். 75 சென்டிலிட்டர் பாட்டிலில் இது மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. சட்ட வரம்பு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம், புதிய ஓட்டுநருக்கு 0.2. 0.8-ஐத் தொட்டால் அது அபராதத்தோடு முடியாமல் குற்ற வழக்காகும்.

டாக்சியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். செயலியைத் திறந்தால் ஒரு காரும் தெரியாது. வீட்டுக்காரர் மூலம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இரவுக் கட்டணமும் காலியாகத் திரும்பும் கட்டணமும் சேரும். ஒருவர் குடிக்காமல் ஓட்டுவதோ நடந்து போகும் தூரத்தில் அறை எடுப்பதோ எளிது. மதிய மேசை அதைவிட எளிது: வெளிச்சம் இருக்கும், பல இடங்களில் வார நாள் மதிய விலையும் குறைவு. 12:15-க்குப் போய்விடுங்கள். 1:30-க்குப் பிறகு சமையல்கட்டு புதிதாக யாரையும் ஏற்காது.

சைவம் என்று மேசையில் உட்கார்ந்து சொல்வது

காய்கறித் தட்டிலும் கன்று எலும்புச் சாறு இருக்கும், இனிப்பில் ஜெலட்டின் இருக்கும், சாலட்டில் பன்றிக்கொழுப்புத் துண்டு விழும். ‘வெஜெதாரியன்’ என்றால் மீன் சாப்பிடுவீர்கள் என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. ‘நி வியாந்த், நி ப்வாஸோன்’ (இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை) என்று பதிவு செய்யும்போதே எழுதுங்கள். சாறு, ஜெலட்டின் இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மூன்று நாள் முன்பு மறுபடி நினைவூட்டுங்கள். சாறு முந்தின நாளே அடுப்பில் ஏறிவிடும். மேசையில் சொன்னால் சமையல்காரரால் கழிக்கத்தான் முடியும், புதிதாகச் சமைக்க முடியாது.

பாலாடைக்கட்டியிலும் சிக்கல் உண்டு. அதே மாவட்டத்து ரோக்ஃபோர், கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதியால் உறைவது. உருளைக்கிழங்கையும் புதிய தோம் பாலாடைக்கட்டியையும் நூல் நூலாக இழுத்துக் கிண்டும் அலிகோவில் இறைச்சி இல்லை. கட்டியை உறையவைத்தது எது என்பதில் கண்டிப்பானவர் அதையும் கேட்டுக்கொள்ளட்டும். வழக்கமாக அதன்மேல் ஒரு சாசேஜும் உட்கார்ந்திருக்கும்.

டிப்ஸ்

சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம்.

தண்ணீர்

‘யூன் கராஃப் தோ’ என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் இலவசம்.

ரொக்கம்

விருந்தினர் வீடுகளில் பலவற்றில் கார்டு இயந்திரம் இருக்காது. ஆளுக்கும் இரவுக்கும் கணக்கிடும் தங்கல் வரி வாடகைக்கு மேல் வரலாம்.

கார்

ஆட்டோ கியர் வேண்டுமென்றால் பதிவிலேயே குறிப்பிடுங்கள். சிற்றூர் வாடகைக் கவுன்ட்டர் மதியம் இரண்டு மணி நேரமும் ஞாயிறும் மூடியிருக்கும்.

கத்தி

லாயோலுக்குப் போன எல்லாரும் அந்த ஊர் மடக்குக் கத்தி ஒன்றை வாங்கிவிடுவார்கள். செக்-இன் பெட்டியில் வையுங்கள். கைப்பை மட்டும்தான் என்றால் கடையிலேயே தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.