பழைய கொங்கிறீட்டை மீளப் பயன்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் பழைய வீடுகளை உடைத்து அடுக்குமாடி கட்டுகிற இடங்களிலிருந்து லொறி லொறியாகக் கொங்கிறீட் இடிபாடு போகிறது. அதை நொறுக்கிப் புதுக் கலவையில் சேர்ப்பது நல்ல காரியம். ஆனால் சேர்த்த உடனேயே கரியமிலவாயு குறைந்துவிட்டது என்று எண்ணுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மீற்றர் கொங்கிறீட்டுக்குச் சுமார் 1,100 கிலோ சல்லி போகும். அதில் 20 வீதத்தை, அதாவது 220 கிலோவை, இடிபாட்டுச் சல்லியாக மாற்றினால் மிச்சமாவது ஒன்றிரண்டு கிலோ வாயுதான். கருங்கல் உடைக்க அவ்வளவு சக்தி செலவாவதில்லை. பலம் போதாதோ என்ற பயத்தில் மேசன் ஒரு பை சீமெந்தைக் கூடக் கொட்டினாலோ, அந்த 50 கிலோவுக்காக ஏற்கெனவே 40 கிலோ அளவில் வாயு வெளியேறியிருக்கும். சீமெந்தின் மூலப்பொருளான கிளிங்கரை 1,450 பாகையில் சுடும்போது சுண்ணாம்புக்கல்லே சிதைந்து வாயுவை விடுகிறது. மொத்த வெளியேற்றத்தில் ஏறத்தாழ 60 வீதம் அப்படி வருவது, மீதிதான் எரிபொருளால். ஆகவே கிளிங்கர் குறைந்தால் மட்டுமே உண்மையான மிச்சம்.

கூடுதல் சீமெந்து தேவைப்படுவதற்குப் பெரும்பாலும் தண்ணீரே காரணம். இடிபாட்டுச் சல்லியில் பழைய சாந்து ஒட்டியிருக்கும், அது உறிஞ்சும். கருங்கல் சல்லி 1 வீதத்துக்கும் குறைவாகத்தான் உறிஞ்சும், இது 5 வீதம்கூட உறிஞ்சும். 220 கிலோவைக் காய்ந்தபடியே போட்டால் 11 லீற்றர் கலவைத் தண்ணீர் உள்ளே போய்விடும். கலவை இறுகும், வேலையாள் குழாயைத் திறப்பார், அளவு தெரியாமல் தண்ணீர் ஏறும், பலம் இறங்கும். முதல்நாளே சல்லியை 24 மணித்தியாலம் ஊறவைத்து வடித்து, மேற்பரப்பு மட்டும் உலர்ந்த நிலையில் போடுங்கள். உறிஞ்சும் அளவை அறிய, அந்த நிலையில் ஒருதரம் நிறுத்து, 105 பாகை அடுப்பில் 24 மணித்தியாலம் உலர்த்தி மறுபடி நிறுங்கள். வித்தியாசத்தை உலர்ந்த எடையால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் வீதம் கிடைக்கும்.

நொறுக்கும்போது விழும் தூளை மணலுக்குப் பதிலாகப் போடாதீர்கள். பழைய சாந்தின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. தண்ணீர்த் தேவையும், காயும்போது கொங்கிறீட் சுருங்குவதும் கூடும். பெரிய சல்லிக்கே பிரித்தானியத் தரநிலை பீ.எஸ். 8500 பொதுவாக 20 வீத எல்லை வைத்திருக்கிறது. கடற்கரையோரக் கட்டடத்தின் இடிபாட்டில் உப்பு ஏறியிருக்கலாம். உப்பிலுள்ள குளோரைட்டைச் சோதிக்காமல் கம்பி போட்ட தூணிலோ பீமிலோ அதைச் சேர்த்தால் கம்பி துருப்பிடிக்கும்.

பிரிக்காமல் நொறுக்குவது இன்னும் ஆபத்து. சீலிங்கின் ஜிப்சம் கலந்தால், அதிலுள்ள சல்பேற்றால் உருவாகும் கனிமம் உப்பி, இறுகிய கொங்கிறீட்டைப் பிளக்கும். கூரையிலிருந்து இறக்கிய அஸ்பெஸ்டஸ் சீற் கிறஷருக்குள் போகவே கூடாது. அதிலும் சீமெந்து இருக்கிறதே என்று யாரும் வாதாடவேண்டாம். நார்த்தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோயைத் தரும். ஈரப்படுத்தி, உடைக்காமல் முழுதாகக் கழற்றித் தனியே கட்டிவையுங்கள்.

கொங்கிறீட்டை நொறுக்கும்போது விழும் தூளைச் சுட்டால் மறுபடி சீமெந்தாகுமே என்று கேட்பவர்கள் உண்டு. சுமார் 500 பாகையில் சூடாக்கினால் பிடித்துவைத்த நீர் போய், ஓரளவு இறுகும் தன்மை திரும்புவது உண்மை. ஆனால் தூளோடு வரும் மணல் அப்படியே இருக்கும், தண்ணீரும் அதிகம் கேட்கும், கலவையும் வேகமாக இறுகிவிடும். வெப்பத்தை 700 பாகைக்கு மேல் ஏற்றினாலோ, திறந்த வெளியில் கிடந்தபோது தூள் உள்வாங்கிய வாயுவும் வெளியேறிவிடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட முறை வேறு. பழைய உருக்கை மின்சாரத்தால் சூடேறும் மின்வில் உலையில் உருக்கும்போது, வழக்கமாகச் சேர்க்கும் சுண்ணாம்புக்குப் பதிலாகப் பழைய சாந்தைப் போடுகிறார்கள். மேலே மிதக்கும் கசடு கிளிங்கராகிறது. அதையும் விரைவாகக் குளிரவைக்க வேண்டும். மெல்ல ஆறினால் பலம் தரும் கனிமம் சிதைந்துவிடும். ஆகவே வேறெந்த உருக்காலைக் கசடையும் சீமெந்தாக நினைத்துக் கலக்கக் கூடாது.

இன்று கொழும்பில் கையில் இருக்கும் வழி, கிளிங்கர் குறைந்த கலப்புச் சீமெந்து. நுரைச்சோலை அனல்மின் நிலையச் சாம்பல் இதில் பயன்படுகிறது. பையில் கலப்புச் சீமெந்துக்கான இலங்கைத் தரநிலை எண் எஸ்.எல்.எஸ். 1247 இருக்கிறதா என்று பாருங்கள். இது மெதுவாகப் பலம் பிடிக்கும். அவசரப்பட்டுப் பலகை கழற்றாமல், குறைந்தது 10 நாளாவது ஈரம் காயாமல் வைத்திருங்கள். சிலாப் போடுவதற்கு முன் ஒரு சோதனைக் கலவை செய்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் அதில் வார்த்த கியூப்களை (கனசதுரக் கட்டிகளை) உடைத்துப் பலத்தைப் பார்த்துவிடுங்கள்.