50 சதுரத்துக்கு எத்தனை தீக்குச்சி?

தீக்குச்சியால் ஒரு சதுரம் செய்ய 4 குச்சி வேண்டும். அதை ஒட்டியே வரிசையாகச் சதுரம் போட்டால் 7, 10, 13 என்று போகும். சரி, 50 சதுரத்துக்கு? உட்கார்ந்து எண்ண வேண்டாம். வித்தியாசம் எப்போதும் 3 தானே, மூன்றாம் வாய்ப்பாட்டை வரிசைக்குக் கீழே எழுதுங்கள்: 3, 6, 9, 12. எல்லா இடத்திலும் 1 குறைகிறது. ஆக, சதுர எண்ணிக்கையை 3 ஆல் பெருக்கி 1 கூட்டினால் 151. அந்த 1, இடது ஓரத்தில் முதலில் வைத்த குச்சி! பிள்ளைகள் அவசரத்தில் 200 என்பார்கள். நடுக்குச்சிகளை இரண்டு முறை எண்ணிவிடுவதால் வரும் தப்பு.

2, 6, 12, 20 போல வித்தியாசமே மாறினால், வித்தியாசங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள். அது மாறாமல் நின்றால் விதியில் வர்க்கம் வரும். இங்கே வித்தியாசங்கள் 4, 6, 8; அவற்றுக்கு இடையே எப்போதும் 2. வரிசை 1×2, 2×3, 3×4, 4×5, அதாவது இட எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணைக் கூட்டியது.