அடி வாங்கினால் நட்டஈடு கேட்பது எப்படி?

வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதில் தொடங்கி கன்னத்தில் அறை விழுந்து முடிகிற கதைகள் யாழ்ப்பாணத்தில் குறைவில்லை. நான் இங்கே ஒரு சட்டத்தரணியிடம் லிகிதராக இருக்கிறேன். வருகிறவர்கள் கேட்பது அநேகமாக ஒன்றுதான்: "காயம் ஒண்டுமில்லை, வழக்கு நிக்குமோ?"

நிற்கும். வேண்டுமென்று செய்தாரா, உடம்பில் பட்டதா, உங்கள் சம்மதம் இருந்ததா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஆங்கிலச் சட்டம் இதைப் 'பற்றரி' என்கிறது. கோபத்தோடு இலேசாகத் தொட்டாலே போதும் என்று 1704இல் நீதியரசர் ஹோல்ட் சொல்லிவிட்டார். எங்கள் தீங்கியல் சட்டத்துக்கு, அதாவது ஒருவர் செய்த தீங்குக்கு நட்டஈடு கேட்கும் சட்டத்துக்கு, வேர் ஒல்லாந்தர் கொண்டுவந்த உரோமன்-டச்சுச் சட்டம். அதிலும் ஒருவரின் உடம்பிலோ மானத்திலோ வேண்டுமென்று கைவைத்தால் நட்டஈடு கேட்கலாம். நல்லூர்த் திருவிழாச் சனத்துக்குள் தோள் இடிபடுவதற்கெல்லாம் வழக்கில்லை. அதே சனத்துக்குள் கொலரைப் பிடித்து உலுக்கினால் கதை வேறு. கைதான் படவேண்டும் என்றுமில்லை, எறிந்த கல் பட்டாலும் சரி.

அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள், வைத்தியசாலைக்கும் போங்கள். யார், எதால் அடித்தார் என்று டொக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். வெட்கத்தில் "விழுந்திட்டன்" என்றால் அது அப்படியே பதிவாகும். பிறகு குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி தூக்குவது அந்த ஒரு சொல்லைத்தான். மருந்துத் துண்டு, ஓட்டோக் காசு, வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள்.

பொலிஸ் போடுவது குற்ற வழக்கு, அது நீதவான் நீதிமன்றத்தில் நடக்கும். நட்டஈட்டு வழக்கை நீங்கள்தான் மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டும். அங்கே நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கத் தேவையில்லை, உங்கள் பக்கம் தராசு சாய்ந்தால் போதும். "அந்த வழக்கு முடியட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று இருந்துவிடாதீர்கள். காலவிதிப்புச் சட்டப்படி சம்பவத்திலிருந்து 2 வருடம்தான் தவணை. தொகை சிறிதென்றால் முதலில், இரு பக்கத்தையும் பேசி இணக்கப் பார்க்கும் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியிருக்கும். அதையும் கணக்கில் வைத்து நேரத்துக்கு வாருங்கள்.

நீங்களும் திருப்பி அடித்திருந்தால் சட்டத்தரணியிடம் மறைக்க வேண்டாம். அடி விழும்போது தள்ளிவிட்டது தற்பாதுகாப்பு. அவர் ஓடினபிறகு துரத்திப்போய் மண்வெட்டிப் பிடியால் போட்டிருந்தால், அதற்கு அவரும் உங்கள்மேல் வழக்குப் போடலாம்.